மாடிப் பெட்டியும் மூன்றாம் கேசட்டும்

எங்கள் கட்டடத்தில் ஒன்பது குடித்தனம். ஒன்பதுக்கும் சேர்த்துப் படம், பாட்டு, போட்டோ, குழந்தையின் பிறந்தநாள் வீடியோ எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி மொட்டை மாடியில் என் ரூமில், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், பக்கவாட்டு மூடி இல்லாமல் உட்கார்ந்திருந்தது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. இன்டர்நெட்டை அளந்து அளந்து கொடுத்த காலம். ஒரு படத்தை இறக்குவதற்குள் அந்த வாரமே முடிந்துவிடும். ஒருத்தர் எங்கிருந்தாவது கொண்டுவந்ததை ஒன்பது வீடும் பார்க்கிற மாதிரி கட்டடத்துக்குள்ளேயே ஒரு வலை கட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. தோன்றிவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது.

ஓசூரில் இருந்ததில் ஒரு சௌகரியம், கம்ப்யூட்டர் பாகம் விற்கும் பெங்களூர் எஸ்.பி. ரோடு ஒரு பஸ் தூரம். வாராந்திர லீவில் போய், ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றையும் நாலு ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு சுருள் நீல ஒயரையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒயரைத் துணி காயப்போடும் கொக்கிகள் வழியாகவே இழுத்துவிட்டேன். முதல் வாரம் பக்கத்து வீட்டு அக்கா அதில் பாவாடையைக் காயப்போட்டார். இரண்டாவது வாரம் அவர் வீட்டு டி.வி.யில் படம் ஓடியதும், மற்றவர்கள் காயப்போடாமல் காவல் காக்க ஆரம்பித்தார். பெயர்கூட அவர்கள் வைத்ததுதான்: மாடிப் பெட்டி.

என்னோடு அந்த ரூமில் இருந்தவன் தென்காசிக்காரன். வண்டிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஆப்பரேட்டர், பெரும்பாலும் நைட் ஷிப்ட். பெட்டியின் ஃபேன் சத்தம் இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. எனக்கு லைன் ஸ்டடி வேலை. கையில் ஸ்டாப்வாட்சோடு அசெம்பிளி லைன் ஓரத்தில் நின்று, எந்த மெஷினில் வேலை தேங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

கீழ்த்தளம் முழுவதும் ஓனர் வீடு. ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து. அந்த ஆவணியில் தன் ஒரே மகளைத் தளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். கன்னடம் பேசும் வீடு. மலைக்காற்று, கோஸ் தோட்டம், ரோஜாத் தோட்டம். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அந்தத் தாய்மாமன் இரண்டு மாதமாகக் கோபத்தில் இருந்தார். காரணம் ஒரு பேட்டா. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை மேடையில் வரிசையாக நிற்கவைத்து, சால்வை போர்த்தி, தலைக்குப் பேட்டா கட்டுவார். ஜரிகை போட்ட தலைப்பாகை. கட்டுவது என்பது பேச்சுக்குத்தான், தைத்தே விற்கிறார்கள், தலையில் வைத்தால் வேலை முடிந்தது. ஆனால் யாருக்கு வைத்தார்கள், யாருக்கு வைக்கவில்லை என்பதை அந்தக் குடும்பம் பேரன் காலம் வரை ஞாபகம் வைத்திருக்கும். தனக்கு வைக்கவில்லை என்றார் தாய்மாமன். வைத்தேன் என்றார் ஓனர். வழக்கு தீரும்வரை மருமகள் அம்மா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அங்கே உத்தரவு. தலை தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஓனர் மாடி ஏறி என் ரூமுக்கு வந்தது அப்போதுதான். வாடகைக்குக்கூட அவர் மாடி ஏறியதில்லை.

“தம்பி, நான் பதினொண்ணு வாங்கனேன். பதினொண்ணும் கட்டனேன். வூட்டுக்கு ஒண்ணுகூடத் திரும்பி வர்ல. அந்தாளுக்குக் கட்லன்னா அது எங்க போச்சு? றெக்க மொளச்சுப் பறந்துச்சா?”

“டி.வி.டி.ல பாத்தீங்களா சார்?”

“அந்த வீடியோக்காரன நம்பியா? மூணாவது ஆளு தலையில வைக்கிறப்போ பொசுக்குனு தாமரைப்பூ விரியுது. பூவுக்குள்ள இருந்து என் பொண்ணு வர்றா. பூவு மூடறப்போ எல்லாம் சாப்டுட்டு இருக்காங்க!”

அவர் மாடி ஏறியதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்தை எடுத்த வீடியோக்காரர் எனக்குப் பழக்கம். அவருடைய கம்ப்யூட்டரில் இடம் போதாமல், வெட்டி ஒட்டாத முழு வீடியோவையும் என் பெட்டியில் கொண்டுவந்து போட்டிருந்தார். ஐந்து கேசட். நான் அழிக்கவில்லை. இடம் இருந்தது, விட்டுவிட்டேன்.

பின்னாலேயே ஓனரம்மாவும் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டார். “ரெண்டு மாசமா பொண்ணு போன்ல அழுவறா கண்ணு. நாயித்துக்கெழம அந்த அண்ணனக் கூப்ட்ருக்கோம். வந்து கண்ணால பாக்கட்டும். எப்டியாச்சும் அந்தப் படத்த எங்க வூட்டு டி.வி.ல ஓட்டிக் காட்டிடு.”

“அவ்ளோதானேம்மா? நான் பாத்துக்கறேன்” என்றேன். ஓனர் மறுபடி பதினொன்றுக் கணக்கை ஆரம்பத்திலிருந்து சொன்னார். என் காதில் விழவில்லை. நான் மனதுக்குள் பதின்மூன்று ஜி.பி.யை ஒரு மணி நேரத்தால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்று ஜி.பி. என்றால்: நாங்கள் பார்க்கும் சினிமா ஒன்று சி.டி.க்குள் அடங்கும்படி மடித்துச் சுருட்டி வைத்தது. கேமராவிலிருந்து நேராக வந்த கேசட் அப்படி இல்லை, பிரித்துப் போட்ட பந்தல் துணி மாதிரி. ஒவ்வொரு கேசட்டும் பதின்மூன்று ஜி.பி. அதை மூன்று மாடி இறக்கி, ஓனர் வீட்டு ஹாலில், மகள் காலேஜ் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டருக்குள் பாய்ச்சி, அங்கிருந்து டி.வி.க்கு அனுப்ப வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கேசட்டை இறக்கிவைக்கவும் இடமில்லை, முழுக்கச் செமினார் பைல்கள். படம் ஓடிக்கொண்டே இருக்க, மேலிருந்து தண்ணீர் மாதிரி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போய் நேராக மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அது எனக்கும் தோன்றியது. தோன்றியதை அடக்கிவிட்டேன். அப்புறம் எதற்கு ஒயர் இழுத்தோம்?

ஓனர் வீட்டுக்கு மட்டும் அதுவரை ஒயர் இல்லை. முதலில் வயர்லெஸ் போட்டுப் பார்த்தேன். டி.வி.யில் மாப்பிள்ளை காரிலிருந்து ஒரு கால் எடுத்து வைத்தார். இன்னொரு காலை வைக்கவேயில்லை. மூன்று தளம் கான்கிரீட். “என் வூடு ஸ்ட்ராங்குப்பா” என்று அந்த நிலையிலும் ஓனருக்குப் பெருமை. பிறகு மழைத்தண்ணீர்க் குழாய்க்குள் ஒயரை இறக்கி ஜன்னல் வழியாக ஹாலுக்குக் கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, எனக்கு செகண்ட் ஷிப்ட் ஆனதால் சாவகாசமாக, முதல் கேசட்டை ஓடவிட்டேன். மாப்பிள்ளை இரண்டாவது காலையும் வைத்தார், நடந்தார், ஆரத்தி எடுத்துக்கொண்டார். புதன்கிழமை மறுபடி. வியாழன் மறுபடி. மூன்றாவது கேசட்டையும் வைத்தேன். ஆனால் நான் பார்த்தது கேசட்டை அல்ல. திரையின் மூலையில் சின்னதாகத் திறந்து வைத்திருந்த, படம் வரும் வேகத்தைக் காட்டும் கோட்டைத்தான். கோடு சமையல் மேடை மாதிரி மட்டமாக ஓடியது. போதும் என்று மூடிவிட்டு ஷிப்டுக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தாய்மாமன் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. சோபாவில் உட்காரச் சொன்னார்கள். அவர் கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டார். செருப்பை வாசலில் விட்டவர், அதன் முனையை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்ததை நான் பார்த்தேன்.

“பன்னெண்டு மணிக்கு பஸ்சு. சுருக்கா காட்டு” என்றார்.

நேராக மூன்றாவது கேசட்டுக்குப் போனேன். தாலி, அட்சதை, ஹோமப் புகை. கண்ணாடி மாதிரி ஓடியது. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். மேடையில் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். ஓனர் முதல் பேட்டாவை எடுத்தார். இரண்டாவது. மூன்றாவது, தாமரைப்பூ விரியவில்லை. நாலாவது. ஐந்தாவதை எடுத்த ஓனர் அப்படியே நின்றுவிட்டார். நாதஸ்வரம் “பீ” என்றது. பிறகு “ப்” என்றது. பிறகு ஒன்றுமில்லை.

“நோடப்பா, பாருங்க!” தாய்மாமன் எழுந்துவிட்டார். “என் மொற வர்றதுக்குள்ள நிக்குது! வெட்டிட்டாங்க. இதுக்குத்தான் என்னைய இவ்ளோ தூரம் கூப்ட்டீங்களா?”

“வெட்லங்க, லோட் ஆவுது” என்றேன்.

“என்னாது ஆவுது?”

“அண்ணா, அஞ்சே நிமிசம்ணா” என்று ஓனரம்மா கதவுக்கும் அவர் செருப்புக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். ஓனர் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை. சும்மா பார்த்தார்.

மூன்று மாடியையும் ஓடி ஏறினேன். கட்டிலில் தென்காசிக்காரன் நைட் ஷிப்ட் தூக்கம். பெட்டியின் சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை, நின்று எரிந்தது. டிஸ்க்குகள் கறகறவென்று அரைத்துக்கொண்டிருந்தன. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். ஓனர் வீட்டோடு சேர்த்து ஒன்பது வீடும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை! நான் மூன்று நாளும் சோதித்தது காலை பத்து மணிக்கு. அப்போது ஃபர்ஸ்ட் ஷிப்டும் ஜெனரல் ஷிப்டும் கம்பெனியில் இருக்கும், நைட் ஷிப்ட் தூங்கும். கட்டடமே காலி. ஷிப்டில் வாழ்கிறவனுக்குக் கிழமை மறந்துபோகும் என்பது உண்மைதான். ஆனால் ஸ்டோர் கவுன்டரில் ஒரே ஆள் நின்று, ஒருத்தனுக்கு இந்த மூலையில் போல்ட்டும் இன்னொருத்தனுக்கு அந்த மூலையில் நட்டும் எடுத்துக் கொடுத்தால், எடுத்துக் கொடுப்பதை விட நடப்பதிலேயே அவன் நேரம் போய்விடும் என்று மேனேஜருக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தவன் நான்தான். இங்கே அந்த ஒரே ஆள் என் டிஸ்க். ஒன்பது பேர் கவுன்டரைத் தட்டுகிறார்கள்.

மாடிப் படியில் தலையை நீட்டிக் கத்தினேன். “எல்லாரும் படத்த நிறுத்துங்க! அஞ்சு நிமிசம்!”

“கிளைமாக்சுப்பா!” என்று ஒரு குரல்.

“கொழந்த சோறு திங்குது, நிறுத்துனா துப்பிடும்!” இது பாவாடை அக்கா.

இரண்டாவது மாடி அண்ணன்தான் பெரிய ஆள். போச்சம்பள்ளி யூனிட்டுக்கு மாற்றலாகிப் போகிறவர். போவதற்குள் பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் தன் டிஸ்க்கில் காப்பி பண்ணிக்கொண்டிருந்தார். “தம்பி, அறுவத்தெட்டு பர்சென்ட் வந்துட்ச்சு! இப்ப நிறுத்தனா மறுபடி மொதல்லருந்து! அங்க எனக்கு என்னா இருக்குது, சுத்தி மாந்தோப்புதான்!”

கெஞ்ச நேரமில்லை. ரூமுக்குள் ஓடி, எல்லா வீட்டு ஒயரும் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டியில் குத்தியிருந்த நீல ஒயர்களில் ஓனர் வீட்டு ஒயரை மட்டும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்ற எட்டையும் பிடுங்கி எறிந்தேன். கறகறப்பு நின்றது. கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் “ஏய்!” என்றது.

நான் கீழே வந்து சேர்வதற்குள் எட்டு வீட்டு ஆட்களும் என்னைத் திட்டுவதற்கு ஓனர் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ஆனால் உள்ளே டி.வி.யில் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் ஓடுவதைப் பார்த்ததும் திட்டை மறந்து ஒவ்வொருவராக உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். போச்சம்பள்ளி அண்ணன் மட்டும் என் காதருகில், “அறுவத்தெட்டு பர்சென்ட்” என்றார்.

தாய்மாமனால் வெளியே போக முடியவில்லை. வழி அடைத்துவிட்டது. நின்றுகொண்டே பார்த்தார்.

ஐந்தாவது பேட்டா. ஆறு. ஏழு. வேகம் பிசகவில்லை. எட்டு. கேமரா கொஞ்சம் நகர்ந்ததும் வரிசையின் கடைசியில் தாய்மாமன் தெரிந்தார். “ஆ! தோ நிக்கறாரு!” என்று ஓனர் தொடையைத் தட்டினார். ஒன்பது. ஹோமப் புகைக்கு ஓனர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், வியர்வையும் அழுகையும் சேர்ந்து வழிந்தது. பத்து. அடுத்தது தாய்மாமன் முறை. அவர் தலையைக் குனிந்தார். ஓனர் பதினோராவது பேட்டாவை இரண்டு கையாலும் எடுத்தார். தாய்மாமனுக்கு அடுத்து, பழத்தட்டைப் பிடித்துக்கொண்டு பட்டுச் சட்டையில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பேட்டா அவன் தலைக்குப் போனது.

டி.வி.யில் தாய்மாமன் இன்னும் குனிந்தபடியே இருந்தார். ஒன்றும் வராததால் கொஞ்சம் நிமிர்ந்தார். பக்கத்தில் பார்த்தார். பிறகு முழுவதும் நிமிர்ந்து, தன் தலைமுடியைத் தானே தடவிவிட்டுக்கொண்டார்.

அப்போது வாசலில், லுங்கியோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு தென்காசிக்காரன் வந்து நின்றான். நான் போட்ட கூச்சலில் தூக்கம் கலைந்திருக்கிறது. டி.வி.யைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

“ஏல, அது நான்லா!”

ஹால் முழுக்க அவன் பக்கம் திரும்பியது.

“என்னல, எல்லாரும் என்னையப் பாக்குதிய?”

“உனக்கு எதுக்குடா பேட்டா?” என்றேன்.

“எனக்கென்ன தெரியும்? எங்கூர்ல இதெல்லாம் கெடையாதுல்லா. தட்டப் பிடிச்சிட்டு நில்லுன்னாவ, நின்னேன். தலையில வச்சாவ. குடியிருக்கவங்களுக்கும் கட்டுவாவ போல, ஓனர் நல்ல மனுசன்னு நெனச்சேன். நான் கும்புடக்கூடச் செஞ்சேன், பாரு!”

டி.வி.யில் அவன் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குத்தான் வியர்த்தது. நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, அன்று ஷிப்ட். ஆனால் அந்தப் பேட்டா இரண்டு மாதமாக என் ரூமில்தான் இருந்தது. கல்யாணத்தில் கிடைத்தது என்று அவன் சொன்னபோது, மண்டபத்தில் கீழே கிடந்ததை எடுத்து வந்திருக்கிறான் என்று நினைத்து, தூசி விழாமல் இருக்க நானே அதை மாடிப் பெட்டிக்கு மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். கட்டில் மறைவில் இருந்ததால் அன்று வந்த ஓனர் கண்ணிலும் படவில்லை.

“இன்னொரு வாட்டி போடு தம்பி” என்றார் ஓனர். போட்டேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். மூன்றாவது தடவை போடச் சொல்லவில்லை. எழுந்து கதவோரம் போனார்.

“சம்மந்தி, நான்தான் கட்டனேன்னு ஊரெல்லாம் சொன்னேன். உங்கள பொய்க்காரராக்கிட்டேன்.”

“நான் சுள்ளு சொல்ற ஆளில்லன்னு இப்பவாச்சும் தெரிஞ்சிச்சா?” பொய்க்குக் கன்னடத்தில் சுள்ளு. தாய்மாமன் குரலில் பழைய வேகம் இல்லை. “தலைய குனிஞ்சி நிந்துட்டு இருந்தேன்பா. எவ்ளோ பேரு பாத்தாங்க! வூட்டுக்குப் போயி அத யார்கிட்ட சொல்றது? கட்லன்னு மட்டும் சொன்னேன்.”

“தோ, பஜாருக்கு ஆள் அனுப்பறேன். புதுசு வாங்கி...”

“புதுசு எனக்கு எதுக்கு? அன்னிக்கு எனக்குன்னு வாங்கனது எங்க?”

நானும் தென்காசிக்காரனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிக்குப் பாய்ந்தான். இரண்டு நிமிடத்தில் பேட்டாவோடு திரும்பினான். வரும் வழியிலேயே தோளில் அடித்து அடித்துத் தூசி தட்டியிருந்தான். எடுக்கிற அவசரத்தில் அங்கே எதையோ காலில் மாட்டி இழுத்துவிட்டான் என்பது ஹாலிலிருந்தே எனக்குத் தெரிந்தது. டி.வி.யில் கல்யாணம் அரை வாய்ச் சிரிப்போடு உறைந்து நின்றது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஓனர் பேட்டாவை இரண்டு கையாலும் வாங்கினார். இந்தத் தடவை கண்ணாடி மாட்டியிருந்தார். தாய்மாமன் ஒரு கணம் யோசித்துவிட்டு, தலையைக் குனிந்தார். ஓனரம்மா உள்ளே ஓடிப்போய் ஒரு சால்வையோடு வந்தார். பாவாடை அக்கா கையைத் தட்ட, எட்டு வீடும் தட்டியது. தென்காசிக்காரன் எல்லோரையும் விட அதிகமாகத் தட்டினான்.

“இதுல என்னாபா சூடா இருக்குது?” என்றார் தாய்மாமன், தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு.

மாடிப் பெட்டியின் சூடு. நான் டி.வி. ஒயரைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டேன்.

பன்னிரண்டு மணி பஸ் போய்விட்டது. பேட்டாவைக் கழற்றாமலே அவர் சோபாவில் உட்கார்ந்து, வேட்டி மடிப்பிலிருந்து செல்போனை எடுத்துத் தளிக்குப் போட்டார். கன்னடத்தில் ரொம்ப நேரம் பேசவில்லை. இரண்டு வாக்கியம் இருக்கும். பிறகு போனை ஓனரம்மாவிடம் நீட்டினார். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, “சாப்ட்டியா?” என்று மட்டும் கேட்டார். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை பத்தரை மணிக்குத்தான் தளி பஸ். ஓனர் ஒன்பது மணிக்கே பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். மகளின் பெட்டியைத் தூக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். எந்த ஊர் பஸ் உள்ளே திரும்பினாலும் அவர் இரண்டு அடி முன்னால் போய்ப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். தளி பஸ் வந்தபோது மகள் ஜன்னலிலேயே இருந்தாள், பக்கத்தில் மாப்பிள்ளை. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே கையை நீட்டி, அவரிடம் ஒரு பை ரோஜாவைக் கொடுத்தாள்.